களிப்பில் தளரும் கால்கள்

நாய் ஓடுவதற்கென்றே அமைந்த விலங்கு. ஆயினும் நல்ல உடற்கட்டும் குறையாத பசியும் கொண்ட, இரண்டு வயதுகூட நிரம்பாத லாப்ரடார் நாயொன்று, பந்தைத் துரத்தத் தொடங்கிய பத்தே நிமிடத்தில் பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளத் தள்ளாடி, இடுப்பைத் தரையோடு இழுத்து, கடைசியில் எழ இயலாமல் கிடந்துவிடுவதும், அரைமணி நேரத்துக்குள் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து வாலாட்டி மீண்டும் பந்தைக் கேட்பதும் வளர்ப்போரைத் திகைக்கவைக்கும் காட்சிகள். ஊர்ப்புறங்களில் இதை வாதம் என்பார்கள், வலிப்பு என்பார்கள், கண்ணேறு பட்டது என்பாரும் உண்டு. கால்நடை மருத்துவம் சூட்டியுள்ள பெயர் 'எக்ஸர்சைஸ் இண்ட்யூஸ்டு கொலாப்ஸ்'. கடும் ஓட்டமோ விளையாட்டோ தூண்டிவிட, உடல் நிலைகுலைந்து சரிவது என்பது அதன் பொருள். ஈ.ஐ.சி. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் இந்நிலை இந்த அத்தியாயத்தில் ஓட்டத் தளர்ச்சி என்று வழங்கப்படும்.

இத்தளர்ச்சியின் முதல் புதிர், அதே நாய் ஒரு மணி நேரம் நடந்தாலும் களைப்பதில்லை என்பதே. வளர்ப்பவரோடு வரப்பில் நடக்கும், வண்டியின் பின்னால் மெதுவாக ஓடிவரும், தோப்பைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டே அலையும், எதுவும் நேராது. பந்து கையிலிருந்து கிளம்பும்போது, இன்னொரு நாய் போட்டிக்கு வரும்போது, நீர்க்கோழியொன்று புதரிலிருந்து பறக்கும்போது, நாயின் உடல் முழுவதும் ஒரே முனைப்பாகத் திரண்டெழுகிறது. கால் தளர்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஓட்டத்தில்தான். ஓடிய தூரத்தையும் நேரத்தையும்விட, ஓடும்போது நாயின் உள்ளம் எவ்வளவு கொதித்திருந்தது என்பதே தளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பதைக் கனடாவின் சஸ்காச்சுவன் பல்கலைக்கழகத்தில் சூசன் டெய்லர் தலைமையில் நடந்த நீண்டகால ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. இந்நோயைப் பற்றிய எல்லாப் பேச்சும் இந்த ஓர் உண்மையிலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் நாயின் உடலைப் பேணுவதற்கு முன்னால் அதன் மனவெழுச்சியைப் பேண வேண்டியிருக்கிறது என்பது இதிலிருந்தே பெறப்படுகிறது.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த கோபாலபுரமும், கொழிஞ்சாம்பாறையை நோக்கி விரியும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியும் இந்த உண்மையைச் சோதித்துப் பார்ப்பதற்கு இயற்கை வகுத்த களம் போன்றவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இவை இருக்கின்றன. கேரளத்தின் பிற பகுதிகள் ஈரத்தில் ஊறிக்கிடக்கும்போதும் இங்கே மழை குறைவு, காற்று வறண்டது, பங்குனி சித்திரையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டுத் தாண்டுவதுண்டு. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் இவ்வூர்களின் தென்னந்தோப்பு வீடுகளில், காவலுக்கு நாட்டு நாயும் அன்புக்கு லாப்ரடாரும் என்னும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. லாப்ரடாரின் முன்னோர் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களுக்கு உதவியாகப் பனிக்கடலில் நீந்திய நாய்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, சுடப்பட்ட பறவையைக் கவ்விவரும் வேட்டைத் துணையாக அவை செப்பம் செய்யப்பட்டன. குளிரைத் தாங்க அமைந்த இரட்டை அடுக்கு உரோமமும், எறிந்ததைக் கொண்டுவரும்வரை ஓயாத வேட்கையும் அந்த வரலாற்றின் எச்சங்கள். கணவாயின் வெயிலில் அவ்விரண்டும் சேர்ந்தே நாய்க்குச் சுமையாகின்றன.

நாயின் உடல் வெப்பத்தை எவ்வாறு வெளியேற்றுகிறது என்பதை இங்கே அறிந்துகொள்வது நல்லது. ஓடும் தசை செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, இயக்கமாகாமல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. மனிதன் உடல் முழுவதும் வியர்த்து அந்தச் சூட்டைத் தணித்துக்கொள்கிறான். நாய்க்கோ பாதங்களின் அடிப்பகுதியில்தான் குறிப்பிடத்தக்க வியர்வைச் சுரப்பிகள் உண்டு, அவற்றால் ஆகும் பயன் மிகச் சிறிது. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதன் பெரிய வழி. நாக்கு, வாய், மூக்கின் உட்பகுதி ஆகியவற்றின் ஈரத்தின்மேல் காற்று வேகமாகச் சென்று வருவதால் நீர் ஆவியாகி, அவ்விடங்களில் ஓடும் குருதி குளிர்கிறது. சூழ்ந்த காற்றே உடலைவிடச் சூடாக இருக்கும் நாளில் தோலிலிருந்து வெப்பம் வெளியே செல்வது நின்றுபோய், இளைப்பு ஒன்றே எஞ்சுகிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அந்த இளைப்பும் பலன் குறைகிறது. ஓய்விலிருக்கும் நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரியை ஒட்டியிருக்கும்; பத்து நிமிடம் பந்தைத் துரத்திய ஆரோக்கியமான லாப்ரடாரின் வெப்பம் 41 டிகிரியை எட்டுவதுண்டு. மனிதனுக்கு இது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் காய்ச்சல். லாப்ரடாருக்கு ஒரு நல்ல விளையாட்டின் முடிவு.

ஓட்டத் தளர்ச்சி என்பது வெறும் வெப்பத் தாக்குதல்தான் என்று நெடுங்காலம் கருதப்பட்டதற்கு இந்த வெப்பமானி எண்களே காரணம். தளர்ந்து விழுந்த நாயைச் சோதித்தால் 41 டிகிரிக்கு மேல் காட்டும். எனவே சூடு தாங்காமல் விழுந்தது என்று முடிவு கட்டப்பட்டது. டெய்லர் குழுவினர் நோயுள்ள லாப்ரடார்களையும் நோயற்றவற்றையும் ஒரே அளவு ஓடவைத்து ஒப்பிட்டபோது, இரு கூட்டத்தின் உடல் வெப்பமும் குருதி வேதியலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே உயர்ந்தன. ஆயினும் ஒன்று விழுந்தது, மற்றது ஓடியது. இதயத் துடிப்பில் கோளாறில்லை, குருதியில் சர்க்கரை குறையவில்லை, தசையை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் பழுதில்லை. தளர்ச்சியின்போது முழங்காலின் கீழ்த் தசைநாரைத் தட்டினால் கால் தானாக உதைக்கும் அனிச்சை வினை மட்டும் மறைந்திருந்தது. தசை நலமாக இருக்க, அதற்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பில்தான் எங்கோ தடை என்பதை அது காட்டியது.

விடை 2008-இல் வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு பாட்டர்சன், ஜேம்ஸ் மிக்கெல்சன், கேட்டி மைனர் ஆகியோர் டெய்லரோடும் வேறு சிலரோடும் இணைந்து, இந்நோயுள்ள நாய்களின் ஒன்பதாம் குரோமோசோமில் டைனமின்-1 என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழையைக் கண்டறிந்து 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியிட்டனர். அப்பிழையால் புரதத்தின் 256-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லூசின் அமர்ந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான கண்ணிகள் கொண்ட சங்கிலியில் ஒரு கண்ணி மாறியதன் விளைவு, ஓடுகளத்தில் விழும் நாய்.

டைனமின்-1 செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளச் சித்தூர் வட்டத்துத் தோப்புகளே போதும். ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவோடு நேராக ஒட்டியிருப்பதில்லை; இடையிலுள்ள மிக நுண்ணிய இடைவெளியைக் கடந்து செய்தி சேர்க்க, முதல் அணுவின் முனையிலுள்ள நுண்பைகள் தம்முள் அடைத்து வைத்த வேதிப்பொருளை அந்த இடைவெளியில் கொட்டுகின்றன. கொட்டிய பை சுவரோடு கலந்துவிடும்; அதைச் சுவரிலிருந்து மீண்டும் கிள்ளியெடுத்து, உள்ளே கொண்டுபோய் நிரப்பினால்தான் அடுத்த செய்திக்குப் பை இருக்கும். பையின் கழுத்தைச் சுற்றி வளையமாகச் சுருண்டு, அதை நெரித்துப் பிரித்தெடுப்பதே டைனமினின் தொழில். தென்னம்பாளையில் கட்டிய கலயத்தை இறக்கிக் காலி செய்து மீண்டும் ஏற்றிக் கட்டும் கள் இறக்குபவரின் வேலையும் இதுவே. காலிக் கலயம் திரும்பி வருவது சற்றுத் தாமதமானாலும், ஊறல் மெதுவாக உள்ள நாளில் யாருக்கும் குறை தெரியாது. ஊறல் பெருகும் நாளிலோ கள்ளுக்குக் குறைவிராது, கலயத்துக்குத்தான் குறைவு. நடக்கும் நாயின் நரம்புகள் நிதானமாகச் செய்தி அனுப்புகின்றன. பழுதுபட்ட டைனமினாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிகிறது. களிப்பில் கொதித்தோடும் நாயின் மூளையும் தண்டுவடமும் இடைவிடாமல் கட்டளைகளை வாரியிறைக்க, நிரம்பிய பைகள் தீர்ந்து, கட்டளை பின்னங்கால்களைச் சென்று சேராமல் நின்றுபோகிறது. பைகள் மெல்ல மீண்டு நிரம்பும்வரை நாய் கிடக்கிறது; நிரம்பியதும் எழுகிறது. விழுந்ததும் எழுந்ததும் ஏன் இவ்வளவு விரைவு என்ற புதிர் இப்படி அவிழ்கிறது.

வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு என்பதற்கான குறிப்பு, வியப்பூட்டும் வகையில், ஒரு பழ ஈயிடமிருந்து ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கனடாவில் டேவிட் சுசுகியும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்த ஒருவகைப் பழ ஈ, சாதாரண வெப்பத்தில் நன்றாகப் பறக்கும்; 29 டிகிரியை ஒட்டிச் சூடேற்றினால் சட்டென்று செயலிழந்து விழும்; குளிர்வித்தால் எழுந்து பறக்கும். உறுப்பு மரத்துப்போவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லால் அதற்கு ஷிபிரே என்று பெயரிட்டனர். அந்த ஈயில் பழுதுபட்டிருந்ததும் டைனமின்தான் என்று பின்னாளில் தெரியவந்தது. நாயின் டைனமினும் உடல் சூடேறும்போது கூடுதலாகத் தடுமாறலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். மனவெழுச்சி, கடும் உழைப்பு, சூடு என்னும் மூன்றும் ஒருங்கே கூடும்போது ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. கணவாயின் சித்திரை மாலையில் நடக்கும் பந்து விளையாட்டில் அம்மூன்றும் கூடிவிடுகின்றன.

இப்பழுது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. அதாவது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் வாய்த்த நாயே தளரும், ஒன்று மட்டும் பெற்றது நலமாக வாழ்ந்து அதைக் குட்டிகளுக்குக் கடத்தும் சுமப்பி ஆகும். வட அமெரிக்க லாப்ரடார்களில் நூற்றுக்கு 30 முதல் 40 சுமப்பிகள், 3 முதல் 5 வரை இரட்டைப் பழுதுள்ளவை என்பது மின்னசோட்டா ஆய்வகத்தின் மதிப்பீடு. செசபீக் பே ரெட்ரீவர், சுருள்முடி ரெட்ரீவர், பாய்கின் ஸ்பானியல், பெம்புரோக் கார்கி போன்ற வேறு சில இனங்களிலும் இதே பழுது காணப்பட்டுள்ளது. முதல் தளர்ச்சி பெரும்பாலும் ஐந்து மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில், கடும் பயிற்சியோ விளையாட்டோ தொடங்கும் பருவத்தில் நேர்கிறது. சோம்பலாகவே வளர்க்கப்பட்ட நாய், இரட்டைப் பழுது இருந்தும், வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூட விழாமல் போவதுண்டு.

எனினும், ஓடி விழும் நாய்களெல்லாம் இந்நோயுள்ளவை அல்ல. தென்னிந்தியாவில் அப்படி எண்ணிக்கொள்வது பெரும் பிழையாக முடியும். இப்பகுதியில் உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய நுண்ணுயிரிகளால் வரும் உண்ணிக்காய்ச்சல் நாய்களிடையே மிகப் பரவலானது. பபீசியா சிவப்பணுக்களைச் சிதைத்து நாயைச் சோகையில் தள்ளுவதால், குருதியில் உயிர்வளி குறைந்து, சற்று ஓடினாலே நாய் படுத்துவிடும். ஈறு வெளிறியிருப்பது அதற்கு எளிய அடையாளம், உறுதிசெய்யக் குருதிப் பரிசோதனை வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறால் விழும் நாய் பொதுவாகச் சில நொடிகள் நினைவிழக்கும். வலிப்பில் விழுவது கால்களை விறைத்து உதறும், சிறுநீர் கழிக்கும், எழுந்த பின்னும் திசை தெரியாமல் சுற்றும். ஓட்டத் தளர்ச்சியுள்ள நாயோ பெரும்பாலும் விழிப்போடு, வலியின்றி, வளர்ப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். பல நாய்கள் முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு பந்தை நோக்கி நகர முயல்வது காண்போர் நெஞ்சைப் பிசையும். தோப்பும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்களில் இன்னொன்றையும் மறக்கலாகாது: நல்ல பாம்போ கட்டுவிரியனோ தீண்டிய நாயும் கால் தளர்ந்து விழும், ஆனால் அது அரைமணியில் எழாது, நேரம் ஆக ஆக மோசமாகும். அந்த ஐயம் சிறிதளவு தோன்றினாலும் காத்திராமல் மருத்துவரிடம் ஓடுவதே முறை. தளர்ச்சியைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்து வைப்பது, நாய் நலமாக எழுந்த பின்னர் மருத்துவர் முன் நிறுத்தப்படும்போது, நூறு சொற்களைவிட உதவும். பாலக்காட்டு எல்லையோருக்கு மண்ணுத்தியிலும் உடுமலைப்பேட்டையிலும், இடுக்கி எல்லையோருக்குத் தேனியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள், உள்ளூர் மருத்துவர் அனுப்பிவைக்கத்தக்க பெரிய நிலையங்கள்.

தளர்ச்சி தொடங்கும்போது செய்யவேண்டியது எளியது, ஆனால் உடனே செய்யவேண்டியது. பின்னங்கால் சற்று அகன்று, நடை ஆடத் தொடங்கிய முதற்கணத்திலேயே விளையாட்டு நிற்க வேண்டும். இன்னும் ஒருமுறை எறிந்துவிட்டு நிறுத்தலாம் என்னும் எண்ணம் உயிரைக் குடித்த நிகழ்வுகள் உண்டு. நிறுத்திய பின்னும் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை நிலை மோசமாகிக்கொண்டே போகலாம் என்பதை அறிந்திருந்தால் வளர்ப்பவர் கலங்கமாட்டார். நாயை நிழலில் படுக்கவைத்து, குடிக்கத் தண்ணீர் வைத்து, வயிறு, தொடை, பாதங்களை நனைத்து விசிறினால் போதும். எழுப்பி நடக்கவைக்க முயல்வது தவறு. பெரும்பாலான நாய்கள் 5 முதல் 25 நிமிடத்தில் மீள்கின்றன. மாறாக, நாய் சுற்றத்தை உணராமல் மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஈறு செங்கருமையாக மாறினாலோ, அரைமணி கடந்தும் எழாவிட்டாலோ, அது வெப்பத் தாக்குதலாக முற்றியிருக்கலாம். அப்போது வண்டியைத் தேடி ஓடுவதற்கு முன்னால் கிணற்றடித் தொட்டியோ மோட்டார்க் குழாயோ எது அருகிலிருக்கிறதோ அதன் நீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுசெல்வது என்பதே மருத்துவர்கள் வலியுறுத்தும் ஒழுங்கு. வெப்பமானி இருந்தால் 39.5 டிகிரிக்கு இறங்கியதும் நீரூற்றுவதை நிறுத்திவிடலாம், இல்லையேல் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

உடலுக்கான இந்த முதலுதவியைவிட நீண்டகாலம் பிடிப்பது உள்ளத்துக்கான பராமரிப்பு. நாயின் உடலைப் பொறுத்தவரை களிப்பும் அச்சமும் வெகுதூரம் ஒரே பாதையில் செல்கின்றன: இரண்டிலும் அட்ரினலின் பாய்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வாங்குகிறது, ஓடத் தொடங்குவதற்கு முன்பே உடல் சூடேறத் தொடங்குகிறது. நென்மாறை வல்லங்கி வேலா என்னும் கோயில் திருவிழா ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், பாலக்காட்டு வெயில் உச்சத்துக்கு ஏறும் நாட்களில் நடைபெறுகிறது. அதன் வெடிமுழக்கம் வயல்வெளியைக் கடந்து வெகுதொலைவு கேட்கும். அப்படிப்பட்ட திருவிழா இரவுகளிலும் தீபாவளியிலும் பதறி அறைக்கு அறை ஓடி இளைக்கும் நாய், ஒரு பந்தும் எறியப்படாமலேயே வெப்பத்தைத் தாங்கும் தன் திறனில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது; மறுநாள் காலை அதை ஓடவிடாமல் இருப்பதே அறிவுடைமை. விழாவுக்குச் சில வாரம் முன்னதாகவே மருத்துவரைக் கலந்து, ஓசை குறைந்த உள்ளறையைப் பழக்கி, தேவைப்பட்டால் பதற்றம் தணிக்கும் மருந்தை எழுதிப் பெறுவது, இந்நோயுள்ள நாய்க்கு ஆடம்பரமன்று. மனிதருக்கான மாத்திரையைக் கையளவில் உடைத்துக் கொடுப்பது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது.

நாயின் மனத்துயர் உடலில் எத்தனை ஆழமாக இறங்கும் என்பதற்கு இடுக்கி மலைகள் மறக்கவியலாத ஒரு சான்றைத் தந்துள்ளன. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் சரிந்த மலை, தேயிலைத் தோட்டத்து லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேரை விழுங்கியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அங்கு வளர்ந்த குவி என்னும் நாய், தேடுவோரின் கூடவே நாட்கணக்கில் அலைந்து, தன்னோடு விளையாடிய சிறுமியின் உடல் ஆற்றில் தங்கியிருந்த இடத்தை ஒரு வாரத்துக்குப் பின் காட்டிக்கொடுத்தது. அதன்பின் உணவை மறுத்துச் சோர்ந்து கிடந்தது. இடுக்கிக் காவல்துறையின் நாய்ப் பிரிவினர் அதைப் பொறுப்பேற்றுப் பேணி, பின்னர் அக்குடும்பத்தின் எஞ்சிய உறவினரிடமே திருப்பி ஒப்படைத்தனர். குவிக்கு ஓட்டத் தளர்ச்சி ஏதுமில்லை. எனினும் பசி, உறக்கம், மூச்சு, நடை ஆகிய எல்லாவற்றிலும் நாயின் உள்ளம் பேசுகிறது என்பதையும், மாறாத வேளையும் பழகிய ஒரு கையும்தான் அதற்கு முதல் மருந்து என்பதையும் அந்நிகழ்வு உணர்த்துகிறது. அதைத் துயரம் என்று அழைக்க அறிவியல் தயங்க வேண்டியதில்லை.

ஓட்டத் தளர்ச்சியுள்ள நாயின் அன்றாடத்தில் இந்த அறிவு மிகச் சிறிய செயல்களாக இறங்கி வருகிறது. கழுத்துப்பட்டையின் சங்கிலி ஒலித்ததும் துள்ளிக் குதித்துச் சுழலும் நாய், வாசலைத் தாண்டும்போதே கொதிப்பின் பாதி வழி ஏறிவிட்டிருக்கிறது. ஏனெனில் அந்த ஒலியோடு ஓட்டத்தின் களிப்பை அதன் மூளை பிணைத்து வைத்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பலமுறை சங்கிலியை எடுத்து ஒலிக்கவிட்டு, எங்கும் போகாமல் மீண்டும் மாட்டிவிட்டால் அந்தப் பிணைப்பு வாரக்கணக்கில் தளர்கிறது. அமைதியாக அமர்ந்த நாய்க்கு மட்டுமே கதவு திறக்கும் என்ற ஒழுங்கை வீட்டார் அனைவரும் ஒரேவிதமாகக் கடைப்பிடித்தால், அமைதியே பயன் தருகிறது என்று நாய் தானே கற்றுக்கொள்ளும். அடியும் அதட்டலும் பதற்றத்தை ஏற்றுவதால், இந்நாயின் நோயையே ஏற்றுகின்றன. பந்துக்குப் பதிலாக, தேங்காய் மட்டைகளின் அடியில் தின்பண்டத் துணுக்குகளை ஒளித்துவைத்துத் தேடவிடும் மோப்ப விளையாட்டு, நாயின் வேட்டை ஆசையைக் கால்களிலிருந்து மூக்குக்கு இடம் மாற்றுகிறது. அரைமணி மோப்பத்தில் நாய் நன்கு களைத்து உறங்கும். நடை என்றால் விடியலுக்கு முன், தரை குளிர்ந்திருக்கும் வேளையில், கயிற்றோடு. இன்னொரு துள்ளல் நாயோடு போட்டி சேராமல். உடல் பருக்க விடுவது கூடாது. நீச்சல் குளிர்ச்சிதானே என்று ஆழியாற்று வாய்க்காலிலோ ஊர்க்குளத்திலோ இறக்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் கொடிய பிழை, ஏனெனில் கரையில் விழும் நாய் எழுந்துவிடும், நீரில் கால் தளர்ந்த நாய் மூழ்கிவிடும்.

தளர்ச்சியை ஒருமுறை கண்ட வீட்டார் அதன்பின் நாயின் ஒவ்வோர் அடியையும் நடுக்கத்தோடு பார்ப்பது இயல்பு. ஆனால் அந்த நடுக்கம் கயிற்றின் வழியே நாய்க்கும் இறங்குகிறது: இழுத்துப் பிடித்த கயிறு, உயர்ந்த குரல், திடீரென நின்று குனிந்து பார்க்கும் உடல் ஆகியவற்றை நாய் ஆபத்தின் அறிகுறியாகவே படித்து, விழுந்த அதே களத்தை நெருங்கும்போது தானும் பதறத் தொடங்குகிறது. தளர்ச்சியின்போது தாழ்ந்த குரலில் பேசி, கையை நெஞ்சின்மேல் வைத்து, அருகில் அமைதியாக அமர்ந்திருப்பவர் நாய்க்கு மருந்துக்கு இணையான ஒன்றைக் கொடுக்கிறார். சில நாய்களில் மருத்துவர்கள் பீனோபார்பிட்டால் என்னும் வலிப்பு மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துப் பலன் கண்டுள்ளனர். நரம்பின் கொதிப்பைத் தணிப்பதால் அது உதவுகிறது என்று கருதப்படுகிறது. ஆயினும் மோப்பமும் அமைதிப் பழக்கமும் கைகொடுக்கும் நாய்க்கு, ஈரலைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய அம்மருந்து தேவைப்படுவது அரிது.

கோபாலபுரத்திலிருந்து தெற்கே, இடுக்கி மலையின் அடிவாரத்தில் தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கிய நாயும், தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களும் இவ்வெயிலிலேயே தலைமுறைகளாக வளர்ந்தவை. ஒட்டிய வயிறும் மெல்லிய உடலும் குட்டை உரோமமும் அவற்றின் எடைக்கு மிகுந்த தோற்பரப்பைக் கொடுப்பதால், சூடு வெளியேறுவது எளிதாகிறது. நாட்டு நாய்க்கு வெயிலே கிடையாது என்ற நம்பிக்கை மட்டும் திருத்தப்பட வேண்டியது. நண்பகலில் முயலை விரட்டும் கன்னி நாய்க்கும் இளைப்பைத் தவிர வேறு குளிரூட்டி இல்லை.

லாப்ரடாரை வாங்குவோர் குட்டியின் நிறத்தையும் தலையின் அகலத்தையும் கேட்பதுபோல், தாயும் தந்தையும் இந்த மரபணுவுக்குச் சோதிக்கப்பட்டனவா என்றும் கேட்கத் தொடங்கினால், சில தலைமுறைகளில் இந்நோயை மிக அரிதாக்கிவிட முடியும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் வருடியோ, சிறிது குருதி எடுத்தோ செய்யப்படும் சோதனை அது. சுமப்பியும் சுமப்பியும் இணைந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு அளவு இரட்டைப் பழுதுக்கு வாய்ப்புண்டு. சுமப்பியைப் பழுதே இல்லாத துணையோடு மட்டும் சேர்த்தால் ஒரு குட்டிகூடத் தளராது. எனவே சுமப்பிகளையெல்லாம் இனவிருத்தியிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்கி, ஏற்கெனவே குறுகிய மரபுக் குளத்தை இன்னும் குறுக்கத் தேவையில்லை.

இரட்டைப் பழுதுள்ள நாய்களில் பெரும்பாலானவை, ஓட்டத்தின் வகை மாற்றப்பட்டால், மற்ற நாய்களைப் போலவே முழு ஆயுளும் வாழ்கின்றன. வயது ஏற ஏற வேட்கை தணிந்து, தளர்ச்சியும் தானே அரிதாகிறது. அவ்வாறு நான்கைந்து ஆண்டுகள் விழாதிருந்த முதிய லாப்ரடார், பத்து வயதை ஒட்டி மீண்டும் நடையின் நடுவே விழத் தொடங்கினால், அதைப் பழைய நோய் திரும்பியது என்று தள்ளிவிடலாகாது. முதிய லாப்ரடார்களில் குரல்வளையை விரிக்கும் தசை செயலிழந்து, மூச்சு கரகரத்து, குரைப்பு கம்மிப்போகும் குரல்வளை வாதம் அடிக்கடி வருகிறது. ஓடினால் போதிய காற்று உள்ளே போகாது, வெப்பமும் வெளியேறாது. மூச்சின் ஒலி மாறியிருந்தால் முதலில் சோதிக்க வேண்டியது தொண்டையை.